பாலத்தின் மேல் மழை

மழையைச் சித்திரமாக எழுதுவது சுலபமான காரியம் அல்ல. மலையை எழுதலாம், அது நகராமல் நிற்கும். மரத்தை எழுதலாம், காற்றில் ஆடினாலும் வேரோடு ஓடிவிடாது. மழையோ விழுந்துகொண்டே இருக்கும் பொருள். அது கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்கும் தோலுக்கும்தான் அதிகம் தெரியும். அதனால்தானோ என்னவோ, மழைக்கு முந்திய கருமேகத்தை எழுதிய ஓவியர்கள் நிறையப் பேர். மழை விட்ட பிறகு ஈரத்தில் பளபளக்கும் தெருவை எழுதியவர்களும் உண்டு. கொட்டிக்கொண்டிருக்கும் மழையையே எழுதத் துணிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவர் ஜப்பானியரான ஹிரோஷிகே. 1857ஆம் ஆண்டில் அவர் வரைந்து, மரப்பலகையில் செதுக்கி அச்சிடப்பட்ட ஒரு படத்தின் பிரதி என் மேஜைக்கு எதிரே சுவரில் இருக்கிறது. அசல் அல்ல. அசலை வாங்க என்னைப் போன்ற கதை எழுதுகிறவனுக்கு வழி ஏது? புத்தகத்தில் வந்த ஒரு பக்கத்தைத்தான் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதனால் எனக்கு மனக்குறையும் இல்லை. அந்த அசலே ஓர் அச்சுப் பிரதிதான் என்கிற வேடிக்கையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் படத்தைப் பார்ப்போம்.

பத்திரிகைப் பக்கத்தைப் போல நின்ற வாக்கிலுள்ள தாள். நீளம் சுமார் 36 சென்டிமீட்டர், அகலம் 25. உச்சியில் மை கொட்டினாற்போல் ஒரு கருமேகம். அது கீழே இறங்க இறங்கக் கரைந்து சாம்பலாகிறது. நடுவில் அகலமான ஓர் ஆறு. ஆற்றின் குறுக்கே மரப்பாலம். எதிர்க்கரையில் மரங்களும் கூரைகளும் மழைத் திரைக்குப் பின்னால் நிழலாக நிற்கின்றன. பாலம் ஒரு பக்கம் சாய்ந்து போகிறது. எதிர்க்கரை இன்னொரு பக்கம் சாய்ந்து போகிறது. நிலையாக இருக்க வேண்டிய பூமியே கொஞ்சம் தடுமாறுகிறது போலத் தோன்றும். இவை எல்லாவற்றின் மேலும், தாளின் உச்சியிலிருந்து அடி வரைக்கும், தலைமயிர் போன்ற மெல்லிய கறுப்புக் கோடுகள். அவைதான் மழை.

பாலத்தின் மேல் சில மனிதர்கள். சிலர் குடை பிடித்திருக்கிறார்கள். மூங்கில் கம்பிகள் வைத்து, எண்ணெய் தடவிய காகிதம் ஒட்டிய குடை அது. ஒரே குடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். குடை கிடைக்காத ஒருவன் வைக்கோல் பாயைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடுகிறான். ஆடையைத் தூக்கிச் செருகியதில் முழங்கால் வரை வெறுங்கால்கள் தெரிகின்றன. ஆற்றில் ஒரே ஒருவன் மரக்கட்டைகளைப் பிணைத்த தெப்பத்தின் மேல் நின்று கழி போட்டுத் தள்ளிக்கொண்டு போகிறான். அவனுக்கு ஓடி ஒதுங்க இடம் இல்லை. நனைந்துகொண்டே வேலை செய்கிறான்.

இவ்வளவுதான் படம். ராஜா இல்லை, யுத்தம் இல்லை, தெய்வம் இல்லை. யாருடைய முகமும்கூடச் சரியாகத் தெரியவில்லை. குடையும் பாயும் முகங்களை மறைத்துவிட்டன. சரித்திரப் புத்தகங்கள் இத்தகைய மனிதர்களை 'மக்கள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, அடுத்த அரசருக்குப் போய்விடுவது வழக்கம். எனக்கோ அந்தப் பாய்க்காரனைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டும் என்று ஆசை. அவன் எந்த ஊரில் ஓடுகிறான்? எந்தப் பாலத்தின் மேல்? அது யார் கட்டிய பாலம்? அந்த ஆசையில் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரின் பெயர் எடோ. இன்றைய தோக்கியோவின் பழைய பெயர் அது. 1603ஆம் ஆண்டில் தொக்குகாவா இயேயாசு ஷோகன் என்ற பட்டத்தோடு ஜப்பானின் ஆட்சிப் பொறுப்பைக் கைக்கொண்டபோது எடோ அவருடைய தலைமையிடமாயிற்று. சக்கரவர்த்தி கியோத்தோவில் கௌரவமாக இருந்தார்; அதிகாரம் எடோவில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பத்து லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வாழ்ந்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் அதுவும் ஒன்று. நகரத்தின் பெரும்பகுதி நிலம் பிரபுக்களின் மாளிகைகளுக்கும் கோயில்களுக்கும் போய்விட்டது. மிஞ்சிய சிறு பங்கில் வியாபாரிகளும் தச்சர்களும் மீன்காரர்களும் சாயக்காரர்களும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தார்கள்.

இந்தச் சாமானியர்களுக்கு அரசியலில் இடம் கிடையாது. ஆனால் கையில் கொஞ்சம் காசு இருந்தது. பொழுதைச் சந்தோஷமாகக் கழிக்கும் ஆசையும் இருந்தது. அவர்களுக்காகப் பிறந்ததுதான் 'உக்கியோ-எ' என்கிற அச்சுச் சித்திரம். 'உக்கியோ' என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. பழைய பௌத்தர்கள் அந்தச் சொல்லைத் துயரம் நிறைந்த உலகம் என்ற பொருளில் வழங்கினார்கள். எடோ வாசிகள் ஓசையை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மாற்றி, 'மிதக்கும் உலகம்' என்று ஆக்கிவிட்டார்கள். துயரமான உலகம்தான், நிலையில்லாத உலகம்தான். அதனால் என்ன, நீர்மேல் சுரைக்காய் போல மிதந்துவிட்டுப் போவோமே என்பது அவர்கள் கட்சி. வேதாந்தத்துக்கு இப்படி ஒரு குறும்பான பதிலை வேறு எந்த நகரத்து ஜனங்களும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

படங்களின் விலையும் அவர்கள் கைக்கு எட்டுவதாக இருந்தது. ஒரு கிண்ணம் அல்லது இரண்டு கிண்ணம் 'சோபா' சாப்பிடுகிற காசுக்கு ஒரு வர்ணப் படம் வாங்கிவிடலாம். சோபா என்பது சேமியாவைப் போல நீளநீளமாக நறுக்கிச் சூடான ரசத்தில் போட்டுத் தருகிற, தெருவோரத்து ஆகாரம். ஆகவே இன்று கண்ணாடிப் பேழைக்குள் மங்கலான விளக்கொளியில் காவலோடு வைக்கப்பட்டிருக்கும் அந்தத் தாள், பிறந்த நாளில் ஒரு வேளைப் பலகாரத்தின் விலைதான். வாங்கியவர்கள் கதவில் ஒட்டினார்கள், குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள், ஊருக்குப் போகும்போது நினைவுப் பொருளாக எடுத்துப் போனார்கள். நம்முடைய காலண்டர் படங்களைப் பத்திரமாக யார் எடுத்து வைக்கிறார்கள்? அப்படித்தான் அவையும்.

ஹிரோஷிகே இந்த எடோவிலேயே 1797ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் தீயணைக்கும் படையில் ஒரு சிறிய உத்தியோகஸ்தர். கோட்டையை நெருப்பிலிருந்து காப்பது அந்தப் படையின் பொறுப்பு. ஹிரோஷிகே சிறு பையனாக இருக்கும்போதே, 1809இல், தாயும் தகப்பனாரும் ஒரே வருஷத்தில் இறந்து போனார்கள். பரம்பரை உத்தியோகம் பையனின் தலையில் விழுந்தது. சம்பளம் சொற்பம். பிறகு தொயோஹிரோ என்ற ஓவியரிடம் சேர்ந்து படம் எழுதக் கற்றுக்கொண்டார். காலப்போக்கில் உத்தியோகத்தை உறவினர் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, முழுநேர ஓவியரானார். எடோவிலிருந்து கியோத்தோவுக்குப் போகும் தொக்காய்தோ பெருவழியின் ஐம்பத்து மூன்று தங்குமிடங்களைப் பற்றி 1833ஆம் ஆண்டையொட்டி அவர் வெளியிட்ட படவரிசை அவரை நாடு முழுவதும் பிரசித்தராக்கிற்று.

நெருப்பை அணைக்கப் பிறந்தவர் கடைசியில் தண்ணீரை எழுதிப் புகழ் பெற்றார் என்பது ஒரு நாவலாசிரியனுக்கு மிகவும் பிடிக்கிற பொருத்தம். ஆனால் அந்தப் பொருத்தத்துக்கு அடியில் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. எடோ மரத்தாலும் காகிதத்தாலும் கட்டிய நகரம். அங்கே தீ என்பது எப்போதோ வரும் விபத்தல்ல. வருஷா வருஷம் வந்து போகும் விருந்தாளி. பல தெருக்கள் சாம்பலாவதும், அதே இடத்தில் மறுபடி வீடு எழும்புவதும் சர்வ சாதாரணம். 'என்றும் உள்ள நகரம்' என்று அந்த ஊர்க்காரன் எவனும் நம்பியிருக்க முடியாது.

இந்த மழைப் படம் ஒரு பெரிய வரிசையைச் சேர்ந்தது. வரிசையின் பெயர் 'எடோவின் பெயர்பெற்ற நூறு காட்சிகள்'. வெளியிட்டவர் ஊவோயா எய்க்கிச்சி என்ற பிரசுரகர்த்தர். 1856இல் தொடங்கிய வரிசை நன்றாக விற்றபடியால் நூறோடு நிற்கவில்லை. சீடர் எழுதிச் சேர்த்ததையும் கூட்டி 119 வரை போயிற்று. அவற்றைப் புரட்டிப் பார்த்தால் ஹிரோஷிகேயின் மனசு தெரியும். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து திருவிழா ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கும் வெள்ளைப் பூனை ஒன்று. சாயக்காரர் தெருவில் உயரக் கட்டித் தொங்கும் துணிகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கும் ஃபூஜி மலை. நிலா வெளிச்சத்தில் நாடகக் கொட்டகைத் தெருவில் நடப்பவர்களும் அவர்களுடைய நிழல்களும். நகரத்தின் எல்லையிலுள்ள ஒரு சத்திரத் தெருவை எழுதும்போது படத்தின் முன்பக்கம் முழுவதையும் ஒரு குதிரையின் பின்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்! கீழே சாணம்கூடக் கிடக்கிறது. பெயர்பெற்ற காட்சி என்று காசு கொடுத்து வாங்கியவன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

ஆனால் 1856 என்ற வருஷத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்திய வருஷம், 1855 நவம்பர் 11ஆம் தேதி இரவு, எடோவைப் பெரிய பூகம்பம் ஒன்று தாக்கிற்று. பூகம்பத்தைத் தொடர்ந்து நெருப்பு. மாண்டவர்கள் 7,000 முதல் 10,000 பேர் வரை என்று கணக்கிடுகிறார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1853இல், அமெரிக்கத் தளபதி பெரியின் கறுப்புக் கப்பல்கள் வேறு வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தன. மேலும் கீழுமாக எல்லாம் ஆட்டங்கண்டிருந்த காலம்.

இதைப் பற்றியெல்லாம் வெளிப்படையாகப் படம் போட முடியாது. ஒவ்வொரு படமும் தணிக்கை அதிகாரியின் முத்திரை பெற்றே அச்சேறவேண்டும். அரசியலையும் அன்றாட நிகழ்ச்சிகளையும் தொடக் கூடாது. பூகம்பம் நடந்த சில நாட்களுக்குள் அனுமதி இல்லாமலே ஒரு விதப் படங்கள் கடைகளில் குவிந்தன. பூமிக்கு அடியிலுள்ள ஒரு பெரிய கெளுத்தி மீன் அசைவதால்தான் பூகம்பம் வருகிறது என்பது ஜப்பானியரின் பழைய நம்பிக்கை. அந்த மீனை ஜனங்கள் அடிப்பதாகச் சில படங்கள். தச்சர்களும் மரவியாபாரிகளும் அதே மீனை உட்காரவைத்து உபசரிப்பதாக வேறு சில! வீடு இடிந்தால் யாருக்கு லாபம் என்று எடோக்காரனுக்குத் தெரியாதா? இரண்டு மாதத்துக்குள் அரசாங்கம் அவற்றைத் தடை செய்துவிட்டது.

இந்த நிலையில்தான் ஹிரோஷிகே நகரத்தின் அழகான இடங்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். பூகம்பத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. இடிபாட்டை எழுதவில்லை. மீண்டும் எழும்புகிற நகரத்தையே அவர் எழுதினார் என்று ஆராய்ச்சியாளர் சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. இப்போது மழைப் படத்தின் தெப்பக்காரனை மறுபடி பாருங்கள். அவன் ஓட்டிப் போவது மரம். நகரத்தின் மரக்கிடங்குகள் அந்த ஆற்றின் கிழக்குப் பகுதியிலே, ஃபுக்காகாவா வட்டாரத்தில்தான் இருந்தன. இரண்டு வருஷம் முன்னால் வீடுகளை இழந்த நகரத்தில் ஒருவன் கொட்டும் மழையிலும் நிறுத்தாமல் மரம் கொண்டுபோகிறான். அது யார் வீட்டுக்கு உத்தரமாகப் போகிறதோ, படம் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்கு ஏதோ புரிகிறது.

அந்த ஆறு சுமிதா. பாலம் ஷின்-ஓஹாஷி; 'புதிய பெரிய பாலம்' என்று பொருள். 1693ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கட்டப்பட்டது. எடோ ஜனங்கள் ஆற்றைக் கடக்கச் சிரமப்படுவதைக் கண்டு, ஷோகன் த்சுனயோஷியின் தாயார்தான் பாலம் கட்டும்படி மகனுக்குச் சொன்னதாக ஒரு கர்ணபரம்பரை உண்டு. புகழ்பெற்ற கவி பாஷோ அப்போது பக்கத்திலேதான் குடியிருந்தார். பாலம் கட்டி வரும்போதும் கட்டி முடிந்தபோதும் அவர் அதைப் பற்றிக் கவிதை சொல்லியிருக்கிறார். எதிர்க்கரைக்கு அதாக்கே என்ற பெயர் வந்தது ஒரு கப்பலால். ஷோகனின் பிரமாண்டமான போர்க்கப்பல் 'அதாக்கே-மாரு' அங்கேதான் கட்டிக் கிடந்தது. பதினேழாம் நூற்றாண்டிலேயே கப்பலை உடைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் கரையில் தங்கிவிட்டது.

பாலத்தின் கதையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனிமேல்தான் வருகிறது. மரப்பாலம் அல்லவா? வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், தீ எரித்துவிடும். இருபது தடவைக்கு மேல் அதற்கு அந்தக் கதி நேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பழுதுபார்த்து அலுத்துப்போன அரசாங்கம், பணமுடையும் சேர்ந்துகொள்ளவே, 'இனி இந்தப் பாலம் வேண்டாம்' என்று தீர்மானித்துவிட்டது. அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் விடவில்லை. மனுக் கொடுத்தார்கள், மன்றாடினார்கள். கடைசியில், பாலத்தைக் காப்பாற்றும் செலவு முழுவதையும் அவர்களே ஏற்றுக்கொள்வது என்ற நிபந்தனையின் பேரில் 1744இல் பாலம் பிழைத்தது. சொந்தக் கைக்காசு போடுகிறவர்களுக்குச் சிக்கனம் தெரியும். பாலத்தின் முகப்பில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். இரவானாலும் பகலானாலும் பாலத்தின் மேல் யாரும் நின்று இளைப்பாறக் கூடாது. வியாபாரிகளும் பிச்சைக்காரர்களும் தங்கக் கூடாது. வண்டி எதுவும் இழுத்துப்போகக் கூடாது என்பது அதன் சாரம்.

இதைப் படித்த பிறகு படத்தின் மனிதர்கள் எனக்கு வேறு மாதிரித் தோன்ற ஆரம்பித்தார்கள். நடுப்பாலத்தில் மழையில் அகப்பட்ட வழிப்போக்கர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வழிப்போக்கர்கள்தான், ஆனால் அது அவர்களுடைய பாலம். ஷோகன் கைவிட்டதைத் தெருக்காரர்கள் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் குடைகளில் ஒன்றிரண்டு, தன் பாட்டனார் காசு கொடுத்த பலகையின் மேலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். இது என் கற்பனை. இருக்க முடியாத கற்பனை அல்ல.

படம் எப்படி உண்டாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓவியர் மெல்லிய காகிதத்தில் கறுப்பு மையால் கோட்டுச் சித்திரம் எழுதிக் கொடுப்பார். செதுக்குகிறவர் அதைச் செர்ரி மரப்பலகையின் மேல் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக விட்டுவிட்டு மற்ற இடங்களை வெட்டி எடுத்துவிடுவார். வெட்ட வெட்ட ஓவியர் எழுதிய மூலமும் அதோடு போய்விடும். ஆக, அசல் சித்திரம் என்று ஒன்று மிஞ்சுவதே இல்லை. அச்சுப் பிரதிகள்தான் அசல்! முன்னால் வேடிக்கை என்று சொன்னேனே, அது இதுதான். பிறகு ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு பலகை. எல்லாப் பலகையிலும் ஒரே மூலையில் சிறிய பள்ளம் வெட்டியிருக்கும். தாளின் விளிம்பை அதில் பொருத்தி வைத்தால் ஒரு வர்ணம் இன்னொன்றின் மேல் வழிதவறிப் போகாது. அச்சு யந்திரம் கிடையாது. மூங்கில் மடலால் சுற்றிய ஒரு வட்டமான தேய்ப்பானைக் கையில் பிடித்து, தாளின் முதுகில் அழுத்தித் தேய்ப்பார்கள்.

மழைக் கோடுகளை நினைத்துப் பாருங்கள். காகிதத்தில் ஒரு கோடு இழுக்க ஒரு நொடி போதும். பலகையிலோ அந்த மயிரிழையை நிற்கவைத்துவிட்டு இரண்டு பக்கமும் மரத்தைச் சுரண்டவேண்டும். கத்தி ஒரு தடவை பிசகினால் மழை ஒடிந்துவிடும். அதோடு விட்டார்களா? சற்றே கோணம் மாறிய இரண்டு விதக் கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அச்சிட்டிருக்கிறார்கள். காற்று சுழற்றிச் சுழற்றி அடிக்கிற மழை அதனால்தான் நம் கண்ணுக்குக் கிடைக்கிறது. உச்சியிலுள்ள கருமேகத்தைச் செதுக்கவே முடியாது. அச்சிடுகிறவர் பலகையின் மேல் ஈரத்தையும் மையையும் தம் கையாலேயே துடைத்துத் துடைத்து, கறுப்பைக் கரையச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக அதைச் செய்தாக வேண்டும். ஆகவே ஒரு பிரதியின் மேகம் மற்றொன்றின் மேகம் அல்ல. 'ஹிரோஷிகேயின் மழை' என்று நாம் சொல்வது பாதி உண்மை. ஓவியர் கோடு போட்டார். ஒருவர் அதைச் செதுக்கினார். இன்னொருவர் மேகத்தைத் திரட்டினார். அட்டையில் ஓவியர் பெயர் பெரிதாக இருக்கிறது. மற்றவர்கள், பாலத்தின் மேல் போகிறவர்களைப் போல, குடைக்குள் முகம் மறைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆற்றின் நீலத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது ஜப்பானில் பிறந்த நீலம் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்த ரசாயன நீலம். அந்நியருக்குக் கதவை அடைத்திருந்த ஜப்பானுக்குள் நாகசாக்கித் துறைமுகத்தின் வழியாக அது நுழைந்தது. 1830ஐ ஒட்டி விலை மலிந்து, அச்சுப் படங்களெல்லாம் நீலமயமாயின. ஜப்பானியர் அதற்கு வைத்த பெயர் 'பெரோ-ஆய்'. அதாவது பெர்லின் நீலம். கப்பல்களைத் தடுக்கலாம், வர்ணத்தைத் தடுக்க முடியுமா?

அந்த நீலம் சில வருஷங்களில் ஐரோப்பாவுக்கே திரும்பிப் போயிற்று. ஹிரோஷிகே 1858ஆம் ஆண்டில், எடோவில் காலரா கொள்ளை கொண்ட நாட்களில், காலமானார். பத்து வருஷத்துக்குள் ஷோகன் ஆட்சியும் முடிந்தது. 1868இல் எடோ தோக்கியோ ஆயிற்று. நாடு திறந்ததும் அச்சுப் படங்கள் பாரிஸுக்குக் கட்டுக்கட்டாகப் போய்ச் சேர்ந்தன. 1887இல் பாரிஸில் கையில் காசில்லாத ஓர் ஓவியன் இந்த மழைப் படத்தைப் பார்த்து மயங்கி, எண்ணெய் வர்ணத்தில் பெரிதாக எழுதிப் பார்த்தான். அவன்தான் வின்சென்ட் வான்கோ. ஓரத்தைச் சுற்றிலும் ஜப்பானிய எழுத்துகளை வேறு படங்களிலிருந்து பார்த்து எழுதி அலங்காரமாக வைத்தான். அவற்றைப் படிக்க அவனுக்குத் தெரியாது. தெரியாத பாஷையின் எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைவதற்கு எவ்வளவு பிரியம் வேண்டும்! அந்தப் படம் ஆம்ஸ்டர்டாமில் அவன் பெயரால் உள்ள காட்சிசாலையில் இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். வான்கோவின் ஆறு கொந்தளிக்கிறது, வர்ணங்கள் கூவுகின்றன. ஹிரோஷிகேயின் ஆறோ சத்தம் போடாமல் போகிறது. வான்கோவின் மழையில் வான்கோ இருக்கிறார். ஹிரோஷிகேயின் மழையில் ஹிரோஷிகேயைக் காணோம். ஓடுகிற ஜனங்கள்தான் இருக்கிறார்கள். எது உயர்வு என்று நான் சொல்லமாட்டேன். கதை எழுதுகிறவன் என்ற முறையில், இரண்டாவது வித்தை கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்கும் என்று மட்டும் சொல்வேன்.

பாலத்தின் கதையை முடிக்கவில்லையே! 1912இல் மரப்பாலத்துக்குப் பதிலாக, பழைய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, இரும்புப் பாலம் கட்டினார்கள். 1923 செப்டம்பர் 1ஆம் தேதி மத்தியானம் தோக்கியோவை மறுபடியும் பூகம்பம் குலுக்கிற்று. நகரம் பற்றி எரிந்தது. ஜனங்கள் ஆற்றை நோக்கி ஓடினார்கள். சுமிதாவின் மற்றப் பாலங்கள் பல எரிந்து போயின. பாலத்தின் மேலேயே அகப்பட்டு மாண்டவர்கள் உண்டு. ஷின்-ஓஹாஷி மட்டும் எரியாமல் நின்றது. அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள், பாலத்துக்கு வந்தவர்களிடம் மூட்டை முடிச்சுகளைக் கட்டாயமாகப் பறித்து எறிந்தார்களாம். படுக்கை, துணி, பெட்டி எல்லாம் போயிற்று. ஆனால் தீ தொற்றிக்கொள்ள அந்தப் பாலத்தின் மேல் எதுவும் இல்லை. அன்று அங்கே பிழைத்தவர்கள் சுமார் 10,000 பேர் என்று சொல்வார்கள். அதற்கு 'மனிதரைக் காத்த பாலம்' என்றே ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

மூட்டையை எறி, நிற்காதே, நடந்துகொண்டே இரு என்கிற அந்தக் கட்டளையைக் கேட்டதும் எனக்குப் பழைய அறிவிப்புப் பலகைதான் ஞாபகம் வருகிறது. காவலர்களுக்கு அந்தப் பலகையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் ஒரு பாலத்தைக் காப்பாற்றுவதும் மனிதரைக் காப்பாற்றுவதும் ஒரே ஒழுங்கினால் நடந்திருக்கிறது.

1977இல் இரும்புப் பாலத்தையும் எடுத்துவிட்டு, கம்பிவடங்கள் தாங்கும் புதிய பாலம் கட்டினார்கள். பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இனுயாமா என்ற ஊரிலுள்ள மெய்ஜி-முரா காட்சித் திடலில் நிற்கிறது. எடோ போயிற்று, மரப்பாலம் போயிற்று, ஹிரோஷிகேயும் செதுக்கியவரும் அச்சிட்டவரும் போனார்கள். போகாதது ஒரு சாயங்கால மழை. அரைமணி நேரத்தில் விட்டுப்போயிருக்க வேண்டிய அந்த மழை இன்னும் விடவில்லை.

இந்தப் படம் எங்காவது உங்கள் கண்ணில் பட்டால் மேகத்தையும் கோடுகளையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பாலத்தின் மேல் போகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பாருங்கள். யார் யாரோடு குடையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், யாருக்குக் குடை இல்லை என்று பாருங்கள். கடைசியாக ஆற்றின் நடுவே அந்தத் தெப்பக்காரனிடம் வாருங்கள். பாலத்தின் மேல் இருப்பவர்கள் எல்லாரும் இன்னும் சில நிமிஷத்தில் ஏதாவது ஒரு கூரைக்குள் போய்விடுவார்கள். அந்தக் கூரைக்கு மரம் கொண்டுவருகிறவன் அவன்தான்.